கண்ணுக்கு அந்தி, பவளத்துக்கு உச்சிவெயில்: எல்இடி விளக்குகள் ஓர் ஒப்பீடு

வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு நான் முதன்முதலாக வாங்கிய எல்இடி விளக்கு ஒரு மான்டிபோரா பவளத்தைக் கொன்றது. குற்றம் விளக்கின் மேல் இல்லை, என் கண்ணின் மேல். மூன்று ஆண்டுகள் டி5 குழல்விளக்குகளின் கீழ் வளர்ந்த தொட்டி அது. குழல்களைக் கழற்றி எல்இடியை மாட்டியதும் தொட்டி முழுவதும் அந்திநேரம் போல மங்கிக் கிடந்தது. "இந்த வெளிச்சம் எந்த மூலைக்கு?" என்று 80 விழுக்காடு வரை ஏற்றிவிட்டேன். பத்தே நாளில், தட்டுத் தட்டாக விரிந்திருந்த பவளம் சுண்ணாம்பு பூசியதைப் போல வெளுத்துவிட்டது. பிறகு ஒளி அளவி ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். அந்த இடத்தில் 400க்கு மேல் காட்டியது. பரணிலிருந்து பழைய குழல்களை இறக்கி மாட்டி அளந்தால், 180.

நான் அளந்ததற்கு ஆங்கில எழுத்துச் சுருக்கப்படி 'பார்' (PAR, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளி) என்று பெயர். பார் என்று பெயர் வைத்துவிட்டு, பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத ஒன்றாக அதை ஆக்கியிருக்கிறார்கள். தமிழில்தான் இந்த வேடிக்கை. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பதே கணக்கு. நம் கண்ணுக்கு மிகக் கூர்மையாகத் தெரிவது 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சை. பவள விளக்குகளின் உழைப்பாளியோ 450ஐ ஒட்டிய அடர்நீலம். அது எவ்வளவு கொட்டினாலும் நமக்கு மங்கலாகத்தான் தெரியும். பவளத் திசுவுக்குள் குடியிருக்கும் சூசாந்தெல்லா பாசிக்கு அதுவே விருந்து. கடல்நீர் சிவப்பை முதல் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிட்டு நீலத்தை ஆழத்துக்கு விடுகிறது. அந்தப் பாசி பழகியது அந்த ஒளிக்குத்தான். கைப்பேசியில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் செயலியும் நம் கண்ணின் கணக்கையே போடுவதால், அதுவும் அதே இடத்தில் சறுக்கும்.

ஆகவே, விளக்குகளை ஒப்பிடும்போது பெட்டியில் அச்சிட்ட வாட்டையும், விளக்கை இயக்கும் செயலியின் அழகையும் ஓரமாக வையுங்கள். நான் கேட்பது இரண்டு கேள்விகள்: என் பவளத்துக்கு வேண்டிய பார் கிடைக்கிறதா, அது தொட்டி முழுவதும் பரவுகிறதா? வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவுகள் இவை. காளான் பவளம் முதலிய மென்பவளங்களுக்கு 50 முதல் 150. யூஃபிலியா போன்ற பெரிய பாலிப் பவளங்களுக்கு (பாலிப் என்பது பவளத்தின் ஒவ்வொரு தனி உயிர்) 75 முதல் 150. ஆக்ரோபோரா போன்ற சிறிய பாலிப் பவளங்களுக்கு 200 முதல் 350. உச்ச அளவைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், இன்றைய நல்ல விளக்குகள் எல்லாமே அதைத் தொட்டுவிடும். வேறுபாடு இருப்பது பரவலில்.

முதலில் கொத்து விளக்குகள். ரேடியன், ஏஐ (அக்வா இலுமினேஷன்) ஹைட்ரா இவை இந்த வகை. ஒன்றிரண்டு இடங்களில் பல நிற எல்இடிகளை நெருக்கமாகப் பதித்து, மேலே லென்ஸ் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம், சூரியோதயம் அமைக்கலாம், கைப்பேசியிலேயே எல்லாம் நடக்கும். ஒளி ஆழம் வரை இறங்கும், தரையில் நீரலைகளின் மின்னல் கோடுகள் ஆடும். இதன் குறை நிழல். ஒரே புள்ளியிலிருந்து வரும் ஒளி, கிளைவிட்ட ஆக்ரோபோராவின் மேற்புறத்துக்கு உச்சிவெயில், அடிப்புறத்துக்கு நள்ளிரவு. பவளம் சிறு துண்டாக இருக்கும்வரை இது தெரியாது. இரண்டு ஆண்டில் புதராக வளர்ந்ததும் அடிக்கிளைகள் வெளுத்துச் செத்துக்கொண்டே வரும். நாம் தண்ணீரின் கால்சியத்தைச் சந்தேகித்துக்கொண்டிருப்போம்.

அகலப் பலகை விளக்குகள் இந்தக் குறைக்கென்றே பிறந்தவை. ஏடிஐ ஸ்ட்ராட்டன், நெப்டியூன் ஸ்கை போன்றவற்றில் எல்இடிகள் ஒரு பெரிய பரப்பு முழுவதும் சிதறியிருக்கும். ஒளி பல கோணங்களிலிருந்து வருவதால் நிழல் மென்மையாகிறது, தொட்டியின் நடுவுக்கும் ஓரத்துக்கும் பார் வேறுபாடு குறைகிறது. நான் அளந்த ஒரு தொட்டியில் கொத்து விளக்கின் நேர்கீழே 320, ஒரு சாண் தள்ளினால் 140. பலகையின் கீழ் அதே தூரத்தில் 260, 210. சிறிய பாலிப் பவளங்களால் தொட்டியை நிரப்பப் போகிறவருக்கு என் வாக்கு பலகைக்கே. விலையாகக் கொடுப்பது மின்னல் கோடுகளை. தொட்டி சற்றுச் சப்பென்று தெரியும். மேலிருந்து கை விடுவதற்கும் பலகை இடைஞ்சல்தான்.

கெசில் நிறுவனத்தின் விளக்குகள் தனிச்சாதி. எல்லா எல்இடிகளையும் ஒற்றை வட்டத்துக்குள் நெருக்கி வைத்திருப்பதால், கடலடியில் வெயில் ஆடுவதைப் போன்ற அந்த மினுக்கத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. நிறம், செறிவு என்று இரண்டே கட்டுப்பாடுகள். பத்து நிறங்களை வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை விளையாடும் ஆசாமிகளுக்கு (நானும் அதில் ஒருவன்) அது குறை. மற்றவர்களுக்கு அதுவே வரம். கனசதுரத் தொட்டி, மென்பவளம், யூஃபிலியா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நீளத் தொட்டிக்கு இரண்டு மூன்று வேண்டியிருக்கும், நிழலும் கூர்மையாக விழும்.

ரெட் ஸீயின் ரீஃப்எல்இடியும் இதே எளிமைக் கட்சிதான்: நீலம், வெள்ளை, நிலவொளி, அவ்வளவே. கெடுத்துக்கொள்ள அதிக வழி இல்லாத விளக்கு.

டி5 குழல்களுக்கு நடுவே எல்இடியை வைக்கும் கலப்பு அமைப்பைப் பழைய கட்சி என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குழலின் நிழலற்ற ஒளியும் எல்இடியின் மினுக்கமும் சேர்ந்து கிடைப்பது அதில்தான். ஆனால் 9 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை குழல்களை மாற்றியாக வேண்டும், சூடும் கூடுதல். ஏற்கெனவே கொத்து விளக்கு வைத்திருப்பவர்கள் முன்னும் பின்னும் எல்இடி பட்டைகளைச் சேர்த்தால், குழல் மாற்றும் வேலையின்றி ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும். நிழலால் அவதிப்படுபவருக்கு, புதிய விளக்கு வாங்குவதைவிட இதையே சொல்வேன்.

வாங்கியாயிற்று. இனி மாட்டும் உயரம். பெரும்பாலான விளக்குகளுக்கு நீர்மட்டத்திலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர். உயர்த்தினால் பரவல் கூடும், உச்சம் குறையும். நடுவில் சூடான இடம் இருந்தால், செறிவைக் குறைப்பதற்கு முன் விளக்கைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்.

நிறத்துக்கு, நிறுவனம் தரும் ஆயத்த அமைப்பிலிருந்து தொடங்குங்கள்; ரேடியனில் ஏபி பிளஸ் போல. தொட்டி மிகவும் நீலமாகத் தெரிந்தால் வெள்ளையைச் சிறிது கூட்டலாம். வெள்ளை நம் கண்ணுக்கான சலுகை, நீலத்தைத் தொடாதவரை பவளம் கோபிக்காது. சிவப்பில் மட்டும் கை நீளாமல் இருக்கட்டும். சிவப்பு ஒளி ஸ்டைலோஃபோரா பிஸ்டிலாட்டா பவளத்தின் ஒளிச்சேர்க்கை அமைப்பை அடக்குவதாக 2014இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது.

செறிவை இலக்கின் பாதியில் தொடங்கி, நான்கு முதல் ஆறு வாரங்களில் படிப்படியாக ஏற்றுங்கள். பல விளக்குகளில் இதற்கென்றே பழக்கும் முறை இருக்கிறது, அதை இயக்கிவிட்டு மறந்துவிடலாம். நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 200 பார், 10 மணி நேரம் என்றால் நாளொன்றுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 7.2 மோல். அதே 200ஐ 12 மணி நேரம் ஓட்டினால் 8.64. செறிவைத் தொடாமலேயே ஒளியை ஐந்தில் ஒரு பங்கு கூட்டியிருக்கிறீர்கள். "விளக்கைத் தொடவே இல்லையே, ஏன் வெளுத்தது?" என்று கேட்பவர்களில் பாதிப்பேர் நேரத்தைத் தொட்டவர்கள்.

பவளம் பழுப்பேறினால் பெரும்பாலும் ஒளி போதவில்லை. கிடைக்கும் கொஞ்சத்தைப் பிடிக்கப் பாசியைப் பெருக்கிக்கொள்கிறது. பொத்தான் வடிவ ஜோவாந்திட்கள் (பவளத்தின் உறவினர்) கழுத்தை நீட்டி எட்டிப்பார்ப்பதும் அதனால்தான். வெளிறினால் ஒளி மிகுந்திருக்கலாம், ஆனால் உடனே விளக்கில் கை வைக்காதீர்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியத்தில் கிடந்தாலும் பவளம் அப்படித்தான் வெளிறும். விளக்கையும் இந்தச் சத்துகளையும் ஒரே வாரத்தில் மாற்றினால், எது பலித்தது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

இன்னொன்று, மான்டிபோராவுக்குப் பிறகும் நான் பட்ட பாடு. லென்ஸின் மேல் உப்பு படிந்து ஒளி மெல்ல மெல்லக் குறையும், பவளமும் அதற்குப் பழகிவிடும். ஒருநாள் விளக்கைத் துடைத்துவிட்டு, அதோடு புதிய கரியையும் போட்டு மஞ்சள் படிந்த நீரைத் தெளியவைத்தேன். மறுநாள் ஆக்ரோபோராவின் நுனிகளில் வெள்ளை. இப்போது துடைக்கிற அன்று செறிவைப் பத்து விழுக்காடு இறக்கிவிட்டு, இரண்டு வாரத்தில் மெதுவாக ஏற்றுகிறேன். கரி போடுவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுகிறேன்.