ஊதா வெல்வெட்டும் வெள்ளை பைப்பிங்கும்

பாளையங்கோட்டையில் 28 வருடமாக ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். மகள் வர்ஜீனியாவில் இருக்கிறாள். போன வசந்தத்தில் அங்கே போயிருந்தபோது செர்ரிப் பூ பார்க்க வாஷிங்டனுக்குக் கூட்டிப்போனார்கள். பூ அழகுதான், ஆனால் கூட்டம் நம் ஊர் தசராவைத் தோற்கடித்துவிடும். ஒரு மணி நேரத்தில் எனக்குக் கால் கடுத்துவிட்டது. "அத்தை, பக்கத்துல ஒரு மியூசியம் இருக்கு. உட்கார பெஞ்ச் உண்டு, டிக்கெட் கிடையாது" என்றார் மருமகன். டிக்கெட் கிடையாது என்றதும் எழுந்துவிட்டேன்.

ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று தேசிய அருங்காட்சியகம் அது. நேஷனல் மால் பக்கம் வாசல். (மால் என்றதும் கடைத்தெரு என்று நினைத்தேன். நீளமான புல்வெளி!) அந்த வாசலில் நுழைந்தாலே இரண்டாம் தளத்தில்தான் நிற்போம், அவர்கள் கணக்கு அப்படி. ஒரு தளம் மேலே ஏறினால் 'முதல் பெண்மணிகள்' காட்சிக்கூடம். ஜனாதிபதி மனைவிகள் உடுத்திய கவுன்கள், வெள்ளை மாளிகை விருந்துகளில் புழங்கிய பீங்கான் தட்டுகள், அவர்கள் செய்த காரியங்களைச் சொல்லும் பலகைகள். வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருக்கிறார்கள். பட்டுத்துணியை வெயிலில் போடாதே என்று அம்மா சொன்னாளே, அதே காரணம்தான். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும்.

காலையில் பார்த்த பூவுக்கும் இந்த அறைக்கும் தொடர்பு உண்டு என்று உள்ளே போனபிறகுதான் தெரிந்தது. ஹெலன் டாஃப்ட் என்ற அம்மாள், ஜனாதிபதி டாஃப்டின் மனைவி. ஜப்பானிலிருந்து வந்த செர்ரிக் கன்றுகளில் முதல் கன்றை 1912 மார்ச்சில் நட்டவர் அவர். கணவர் பதவியேற்ற 1909இல் விருந்துக்கு உடுத்திய கவுனை இந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்ததும் அதே 1912இல்தான். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. மிஷேல் ஒபாமா கொடுத்த ஒற்றைத் தோள் வெள்ளை ஷிஃபானும் அந்த வரிசையில் வந்ததுதான். அதைத் தைத்துக் கொடுத்தவர் ஜேசன் வூ, தைவானில் பிறந்தவர். ஜாக்குலின் கென்னடி 1961இல் துனிசிய ஜனாதிபதிக்குக் கொடுத்த விருந்தில் உடுத்திய மஞ்சள் பட்டும் இருக்கிறது. அலங்காரம் குறைவு, வெட்டு மட்டும் பேசுகிறது. அந்த மாதிரி வெட்டத்தான் கஷ்டம். சரிகை வைத்தால் பிசகு மறைந்துவிடும், வெறும் துணியில் எங்கே மறைப்பது?

பேத்திக்கு ஏழு வயது. "ஆச்சி, இவங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. மருமகன் போனில் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடையாது என்றார். அரசியல் சட்டத்தில் இப்படி ஒரு பதவியே இல்லையாம். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ள மட்டும் 1978இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. அங்கே நாட்டின் தலைவரும் அரசாங்கத்தின் தலைவரும் ஒரே ஆள் என்பதால், வருகிற ராஜா ராணிக்கெல்லாம் விருந்து வைக்கும் பொறுப்பு அந்த வீட்டுக்கார அம்மாள் தலையில் விழுகிறது. நியமன உத்தரவு கிடையாது, சம்பளம் கிடையாது, கணக்குக் கேட்க மட்டும் ஊரே வரும். மளிகைக் கடைக்காரர் மனைவியின் நிலைமைதான்.

நான் அதிக நேரம் நின்றது மேரி லிங்கனின் உடை முன்னால். 1861-62 குளிர்கால விருந்துகளில் உடுத்தியது. ஊதா வெல்வெட். ஓரமெல்லாம் வெள்ளை சாட்டின் பைப்பிங் (ஓரத்தில் வைத்துத் தைக்கும் மெல்லிய உருட்டுப் பட்டி), முன்பக்கம் முத்துச்சிப்பி பட்டன். பாவாடை ஒன்று, அதற்குப் பகலுக்கு ஒரு மேல்சட்டை, இரவு விருந்துக்கு இன்னொன்று. ஒரே புடவைக்கு இரண்டு ரவிக்கை தைக்கச் சொல்லிக் கேட்டு வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். பாவாடையையும் பகல் சட்டையையும் தைத்தவர் எலிசபெத் கெக்லி என்று கருதுகிறார்கள். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, 1855இல் 1,200 டாலர் கட்டித் தன்னையும் மகனையும் மீட்டுக்கொண்ட கறுப்பினத்துப் பெண். வாஷிங்டனுக்கு வந்து பெரிய வீட்டுப் பெண்களுக்குத் தைத்துக்கொண்டிருந்தவரை மேரி லிங்கன் பிடித்துக்கொண்டார்.

வெல்வெட் தைத்தவர்களைக் கேளுங்கள். மேலிருந்து தடவினால் ஒரு நிறம், கீழிருந்து தடவினால் வேறு நிறம். வெட்டும்போது எல்லாத் துண்டும் ஒரே திசையில் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கை வெளுத்ததுபோலத் தெரியும். மிஷினில் வைத்தால் நழுவும். முதலில் கையால் ஓட்டுத்தையல் போட்டுத்தான் அடக்க முடியும். அயர்ன் பாக்ஸை நேரே வைத்தால் இழை படுத்துத் தழும்பாகிவிடும். அதன் ஓரத்தில் வெள்ளை சாட்டினைக் கம்பிபோல வளைத்து விட்டிருக்கிறார் அந்தம்மாள். எனக்குத் தெரிந்து ஓரிடத்தில்கூடப் பைப்பிங் தடித்தோ மெலிந்தோ போகவில்லை. உள்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கக் கை பரபரத்தது. கண்ணாடி நடுவில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த சமயம் அது. வெள்ளை மாளிகையைப் புதுப்பிக்க ஒதுக்கிய 20,000 டாலரையும் தாண்டிச் செலவழித்தார் என்று மேரி லிங்கனை ஏசினார்கள். கணவர் சுடப்பட்டு இறந்து இரண்டு வருடம் கழித்து, பணமுடையில் நியூயார்க்கில் தன் பழைய துணிகளை விற்கப் பார்த்தார். கூடப் போய் உதவியவரும் கெக்லிதான். அதற்கும் ஏச்சு. பிற்பாடு நான்சி ரீகன் வெள்ளை மாளிகைக்கு வாங்கிய விருந்துத் தட்டுகளுக்கு அரசுப் பணம் ஒரு காசும் போகவில்லை, தனியார் அறக்கட்டளை கொடுத்தது. அப்படியும் விலையைச் சொல்லி ஏசினார்கள். ரோசலின் கார்ட்டர் நேர்மாறு. கணவர் 1971இல் ஜார்ஜியா கவர்னரானபோது உடுத்திய நீல ஷிஃபானையே 1977இல் ஜனாதிபதி விருந்துக்கும் உடுத்தினார். பழசையா கட்டுவது என்று அதற்கும் பேச்சு. அந்தம்மாள் அமைச்சரவைக் கூட்டத்தில் போய் உட்கார்ந்ததும், மனநல மருத்துவத்துக்காக செனட் குழு முன்னால் 1979இல் சாட்சி சொன்னதும் எத்தனை பேர் நினைவில் இருக்கிறது?

ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் ஜான்சனுக்கென்று ஒதுக்கிய பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். 1964 அக்டோபரில், இனப் பாகுபாட்டை ஒழிக்கும் சட்டத்தில் கணவர் கையெழுத்துப் போட்டு மூன்று மாதத்தில், கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்த தென் மாநிலங்கள் வழியாக ரயிலில் ஓட்டுக் கேட்டுப் போயிருக்கிறார். நான்கு நாள், எட்டு மாநிலம், 47 கூட்டம். கூச்சல் போட்டவர்களும் இருந்தார்கள். ரயிலின் கடைசிப் பெட்டியில் நின்று பேசி முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருக்கிறார்.

சரி, போகிறவர்களுக்கு: காலை 10 முதல் மாலை 5.30 வரை திறந்திருக்கும், கிறிஸ்துமஸ் அன்று மட்டும் விடுமுறை. ஸ்மித்சோனியன், ஃபெடரல் ட்ரையாங்கிள் இரண்டு மெட்ரோ நிலையத்திலிருந்தும் நடக்கும் தூரம்தான். இந்த ஒரு கூடத்துக்கு ஒரு மணி நேரம் போதும், தையல் தெரிந்தவர்கள் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அதே தளத்தில் ஜனாதிபதிகள் காட்சியும் இருக்கிறது. மருமகன் அங்கே லிங்கனின் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் போகவில்லை. என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. குறைத்த அந்த அரை மதிப்பெண், கவுன்கள் முன்னால் எல்லாரும் நின்றுவிட்டுப் பலகைகளை யாரும் படிக்காமல் போனதற்கு. அதற்கு அருங்காட்சியகம் என்ன செய்யும்?

ஊருக்கு வந்த மறுவாரம் ஒரு கல்யாணப் பெண் ஊதா வெல்வெட் கொண்டுவந்தாள். கேட்காமலே வெள்ளை சாட்டின் பைப்பிங் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அவளுக்குப் பிடித்துவிட்டது. கூலி 900 என்றதும், "என்னக்கா, இந்த ஓரத்துக்கா இவ்வளவு?" என்றாள். கெக்லி கதையை ஆரம்பித்தேன். பாதியிலேயே அவளுக்குப் போன் வந்துவிட்டது. 800க்கு ஒத்துக்கொண்டேன்.