வண்டியின் உரிமைப் பத்திரமான கெரானில் பெயர் மாறும் முன் முழுப் பணத்தையும் கொடுத்தேன்: பழைய டீசல் பிக்கப் வாங்க இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோலாலம்பூர் வட்டாரத்தில் பழைய டீசல் பிக்கப் வாங்கப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2024 மே மாதத்தில் 42,000 ரிங்கிட் கொடுத்து 2013-ஆம் ஆண்டு வண்டி ஒன்றை வாங்கினேன். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதிலும், அதுவரை எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதிலும் என்னிடம் சொல்லப்பட்டவை இரண்டுமே பொய். விற்ற கடையின் பெயரையும் வண்டியின் தயாரிப்பையும் நான் குறிப்பிடப் போவதில்லை. அந்த மாடலை நன்றாக ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் பலரை எனக்கே தெரியும். என் சண்டை வண்டியோடு அன்று, அது விற்கப்பட்ட விதத்தோடுதான்.

பெந்தோங் பக்கத்துத் தோட்டங்களில் வாழை இலை எடுத்து, செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள உணவகங்களுக்குக் கொடுப்பது என் தொழில். வாரத்தில் நான்கு நாள் காராக் நெடுஞ்சாலையில் போய் வருவதால், ஊருக்குள் ஓடுவதையும் சேர்த்து மாதம் ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர் ஆகிவிடும். அதுவரை ஒரு பழைய வேனில் ஓட்டிக்கொண்டிருந்தேன். கெந்திங் செம்பா ஏற்றத்தில் பாரத்தோடு ஏறுவதற்கு அது தவித்ததால்தான் பிக்கப் தேடினேன். இந்தத் தொழிலில் வண்டி நின்றால் அன்றைய வரும்படி மட்டும் போவதில்லை. நண்பகல் வெயிலில் தார்ப்பாய்க்கு அடியில் இலை வதங்கிப்போகும், மறுநாள் அந்த உணவகம் வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கும்.

கடையில் என்னிடம் பேசியவர் நம்மவர்தான். 'அண்ணே, அண்ணே' என்று மரியாதையாகப் பேசி, ஒரு தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். லிட்டருக்கு 12 கிலோமீட்டர், டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட், மாதம் 2,400 கிலோமீட்டருக்கு 200 லிட்டர், ஆக 430 ரிங்கிட். மீட்டரில் 138,000 என்று இருந்தது. ஓட்டிப் பார்க்கலாம் என்று கேட்டபோது, காலை 11 மணிக்கு வரச் சொல்லி, சமதளச் சாலையில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தூரம் அவரே நிதானமாக ஓட்டி, திரையில் 12.6 என்ற சராசரியைக் காட்டினார். அந்தச் சராசரி எண்ணை எந்த நேரத்திலும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து புதிதாகத் தொடங்க முடியும் என்பதும், பின்னால் பாரம் ஏற்றாமல் ஒரே வேகத்தில் ஓட்டினால் எந்த வண்டியும் அழகான எண்ணைத்தான் காட்டும் என்பதும் எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது இன்ஜின் மூடி ஏற்கெனவே சூடாக இருந்தது. அதையும் கையால் தொட்டு உணர்ந்தேன். அதற்கு என்ன பொருள் என்றுதான் யோசிக்கவில்லை.

என் கண் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா பக்கம் மூழ்கிய வண்டிகளைப் பார்த்தவன் என்பதால், தரை விரிப்பைத் தூக்கி, இருக்கையின் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று பார்த்து, இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறையைத் தேடினேன். ஒன்றும் இல்லை. அந்த நிம்மதியில் மற்றவற்றைக் கோட்டைவிட்டேன். மிதிகளின் ரப்பர் புதிதாக மாற்றப்பட்டிருந்ததைப் பார்த்து, நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்தவன் நான்.

முன்பணமாக 1,000 ரிங்கிட் கொடுத்ததற்குக் கடையின் அச்சடித்த ரசீது கிடைத்தது. மீதி 41,000 ரிங்கிட்டை அந்த விற்பனையாளரின் சொந்த வங்கிக் கணக்கில் போடச் சொன்னார்கள். அதற்குக் கிடைத்த ரசீது கையால் எழுதப்பட்டது. அதில் கடையின் பெயர் இல்லை, முந்தைய உரிமையாளரின் பெயர்தான் விற்றவர் என்று இருந்தது. கெரானில் பெயர் மாற்றுவதைப் பற்றிக் கேட்டதற்கு, "ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம் அண்ணே, நீங்க வண்டிய எடுத்துட்டு வேலையப் பாருங்க" என்றார். எல்லாத் தவறுகளுக்கும் தாய்த் தவறு, அந்த வார்த்தையை நம்பிச் சாவியை வாங்கிக்கொண்டதுதான்.

அந்த இரண்டு வாரம் பதினொரு வாரமாக நீண்டது. முந்தைய உரிமையாளரின் வங்கிக் கடன் அடைக்கப்படாமல் இருந்ததும், வங்கியின் உரிமைக் குறிப்பு நீக்கப்படாத வண்டியைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாற்ற முடியாது என்பதும் பிறகுதான் தெரிந்தன. நான் கொடுத்த பணம் அந்தக் கடனுக்குப் போகாமல் வேறு எங்கோ சுற்றிக்கொண்டிருந்தது என்பது என் ஊகம். அந்தப் பதினொரு வாரமும் வேறொருவர் பெயரில் இருந்த காப்புறுதியோடு நான் மலைச்சாலையில் ஓட்டியிருக்கிறேன் என்பதை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

இதற்கிடையில் டீசல் விலை மாறியது. 2024 ஜூன் 10-ஆம் தேதி முதல் தீபகற்ப மலேசியாவில் பொதுவான டீசல் மானியம் நீக்கப்பட்டு, விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. மானியம் குறைக்கப்படும் என்ற அறிவிப்பு மே மாதத்திலேயே வந்துவிட்டது என்பதால், அந்த நேரத்தில் டீசல் வண்டி வாங்கிய நானும் யோசித்திருக்க வேண்டும். விலையேற்றத்துக்கு நான் கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. என் புகார் அந்த 12 கிலோமீட்டரைப் பற்றியது.

சந்தேகம் வந்தபிறகு, திரையை நம்பாமல் பழைய முறையில் அளந்தேன். ஒரே நிலையத்தில் ஒரே பம்பில், குழாய் தானாக நிற்கும்வரை டீசலை நிரப்பி, வழக்கமான பாரத்தோடு 412 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதே பம்பில் மறுபடியும் அதேபோல் நிரப்பினேன். 51.5 லிட்டர் பிடித்தது. அதாவது லிட்டருக்குச் சரியாக 8 கிலோமீட்டர். சொன்னபடி 12 ஓடியிருந்தால் புதிய விலையிலும் மாதம் 670 ரிங்கிட்டில் முடிந்திருக்கும்; 8 ஓடியதால் 300 லிட்டர் தேவைப்பட்டு 1,005 ரிங்கிட் ஆனது. பாரம் ஏற்றும் வண்டி 12 ஓடாது என்று ஒருவர் சொல்லலாம், அது நியாயமும்கூட. ஆனால் என் தொழில் என்ன, எந்தச் சாலையில் ஓட்டுகிறேன் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டபிறகுதான் அவர் அந்தத் தாளில் கணக்குப் போட்டார்.

டீசல் விலையேற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காக அரசாங்கம் அப்போது தந்த புடி மடானி உதவித்தொகை மாதம் 200 ரிங்கிட். ஆண்டு வருமானம் 100,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட எனக்கு அது கிடைத்திருக்க வேண்டும். ஆனால் விண்ணப்பிப்பவரின் பெயரில் டீசல் வண்டி பதிவாகியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கெரான் வேறொருவர் பெயரில் இருந்ததால் ஜூன், ஜூலை இரண்டு மாதத் தொகையும், ஆக 400 ரிங்கிட், எனக்குக் கிடைக்கவில்லை. கடையில் இதைச் சொன்னபோது, இவ்வளவு பெரிய வண்டி வாங்கியவர் 400 ரிங்கிட்டுக்கு அழலாமா என்ற பாவனையில் சிரித்தார்கள்.

ஜூலை நடுவில் காலையில் வண்டி கிளம்பவே நேரமெடுத்தது. சாவியைத் திருப்பி ஐந்தாறு விநாடி சுற்றியபிறகுதான் இன்ஜின் பிடிக்கும். பிடித்ததும் வெள்ளைப் புகை எங்கள் குடியிருப்பு முழுவதும் பரவும். ஒருநாள் பெந்தோங்கிலிருந்து இலையோடு திரும்பும்போது ஏற்றத்தில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வேகம் 40-க்கு மேல் ஏறாமல், அவசரத் தடத்தில் ஊர்ந்து வந்து சேர்ந்தேன். செந்தூலில் எங்கள் குடும்பத்து வண்டிகளை முப்பது ஆண்டுகளாகப் பழுதுபார்க்கும் போர்மேனிடம் (மெக்கானிக்கிடம்) கொண்டுபோனேன். வாங்கும் முன்பே அவரிடம் காட்டியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. அவரும் அதைத்தான் முதலில் கேட்டார்: "தம்பி, பட்டறைக்கு ஒரு தடவ கொண்டுவர அம்பது ரிங்கிட் ஆகுமா?"

அவர் செய்த சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பழைய டீசல் வண்டியில் பணம் போகும் இடம் இதுதான். இந்த வகை இன்ஜினில் ஒரு பம்ப் டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாய்க்கு அனுப்ப, அங்கிருந்து நான்கு இன்ஜெக்டர்கள் அதைப் பனிபோலத் தெளிக்கின்றன. தெளித்ததுபோக மிஞ்சும் டீசல் ஒரு சின்னக் குழாய் வழியாகத் தொட்டிக்குத் திரும்பும். போர்மேன் அந்தத் திரும்பு குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சிறு பாட்டிலை மாட்டி, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டார். இரண்டு பாட்டிலில் விரல் அளவுக்கு டீசல் இருந்தபோது மற்ற இரண்டு பாதிக்குமேல் நிரம்பியிருந்தன. தேய்ந்த இன்ஜெக்டர்கள் அழுத்தத்தை நழுவவிடுவதால் கிளம்ப நேரமாகிறது, பாரம் கேட்கும்போது வலு போகிறது. அதில் ஒன்று தெளிக்காமல் சொட்டியதால், குளிர்ந்த இன்ஜினில் எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியேறியது. சூடான இன்ஜினில் அந்தப் புகை அடங்கிவிடும். 11 மணிக்கு வரச் சொன்னதன் காரணம் அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது. பழுது பார்த்த இன்ஜெக்டர்கள், வால்வு, கூலி எல்லாம் சேர்த்து 4,800 ரிங்கிட் ஆனது.

வண்டி 138,000 ஓடியதுபோல் இல்லை என்றும் அவர் சொன்னார். ஆகஸ்டில் ஒருவழியாக என் பெயருக்குக் கெரான் வந்ததும், அந்தத் தயாரிப்பின் அதிகாரபூர்வச் சேவை நிலையத்துக்குப் போய்ச் சேவைப் பதிவைக் கேட்டேன். வாங்குவதற்கு முன்பு கேட்டபோது பதிவு பெற்ற உரிமையாளருக்கு மட்டுமே தருவோம் என்றவர்கள், இப்போது அச்சடித்தே கொடுத்தார்கள். 2021-இல் கடைசியாக அங்கே வந்தபோது வண்டி ஓடியிருந்த தூரம் 291,000 கிலோமீட்டர். பெயர் மாற்றத்துக்கு முன் வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமில் செய்த பி5 சோதனையில் வண்டி தேறியிருந்தது உண்மைதான். ஆனால் அது இன்ஜின் எண்ணும் சட்டக எண்ணும் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்கான சோதனை; மீட்டர் திருப்பப்படவில்லை என்பதற்கான உத்தரவாதம் அன்று. கடையில் அந்தச் சான்றிதழை ஏதோ மருத்துவச் சான்றிதழ்போலக் காட்டுவார்கள்.

மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி, முதல் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. விசாரணை நாளில் கடைக்காரர் சொன்ன பதில் ஒன்றே: 'நாங்கள் வெறும் இடைத்தரகர்கள், விற்றவர் முந்தைய உரிமையாளர், வாங்கியவர் இவர்.' அந்தக் கையெழுத்து ரசீதும் சொந்தக் கணக்கும் எதற்காக என்பது அப்போது விளங்கியது. தீர்ப்பாயம் வணிகர் மீதான கோரிக்கையைத்தான் கேட்கும். இரண்டு தனிமனிதர்களுக்கு இடையிலான விற்பனை என்று ஆகிவிட்டால் என் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். என்னைக் காப்பாற்றியவை, நான் தற்செயலாகத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த 1,000 ரிங்கிட் ரசீதும், 'எங்கள் விலை 42,000, சோதனையும் பெயர் மாற்றமும் எங்கள் பொறுப்பு' என்று கடையின் எண்ணிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தியும். அந்தக் கணக்குத் தாளை அவரே படமெடுத்து அனுப்பியிருந்ததும் உதவியது.

முடிவில் 7,500 ரிங்கிட்டுக்குச் சமரசமாகி, அது தீர்ப்பாகப் பதிவானது. பழுதுச் செலவும் புடி பணமும் அதில் அடங்கிவிடும். 138,000 ஓடிய வண்டிக்கும் 291,000-ஐத் தாண்டிய வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசம் அடங்காது. 14 நாள் கெடுவில் பதின்மூன்றாம் நாள் மாலை, கடைப் பையன் ஒருவன் உறையில் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தான்.

வண்டியை நான் விற்கவில்லை. உண்மையான தூரத்தைச் சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள், சொல்லாமல் விற்க மனம் வரவில்லை. இன்ஜெக்டர் மாற்றியபிறகு அதே பம்பில் அதே முறையில் அளந்தேன்: லிட்டருக்கு 9.7 கிலோமீட்டர். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் யாருக்காவது அந்தப் பாட்டில் சோதனையைச் செய்து பார்க்க வேண்டுமென்றால், செந்தூல் பட்டறைக்கு நானே அழைத்துப்போகிறேன். இன்ஜின் ஆறியிருக்கும்படி காலை 7 மணிக்கு வண்டியைக் காட்டச் சம்மதிக்கிறாரா என்று மட்டும் விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு வாருங்கள்.