ஊராட்சியா, பேரூராட்சியா? ஆத்தங்குடியும் கானாடுகாத்தானும்

செட்டிநாட்டில் இரண்டும் பெயர் பெற்ற ஊர்கள்தான். ஒன்று கையால் செய்யும் தரைக்கல்லுக்கு, இன்னொன்று அரண்மனைக்கு. ஆனால் ஆத்தங்குடி ஊராட்சி, கானாடுகாத்தான் பேரூராட்சி.

ஊராட்சியில் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதுவும் கட்சிச் சின்னம் இல்லாமல். பேரூராட்சியில் கட்சிச் சின்னத்தில் கவுன்சிலர்கள் வருவார்கள், அவர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஊராட்சியில் தலைவர் வீட்டுத் திண்ணைக்கே போய்க் கேட்டுவிடலாம். பேரூராட்சியில் செயல் அலுவலர், அலுவலகம், மனு என்று போக வேண்டும். வேலை முறையாக நடக்கும், சரி, ஆனால் அந்த உரிமை வராது.

கிராம சபைதான் என் கணக்கில் பெரிய வித்தியாசம். ஜனவரி 26, மே 1 போன்ற நாட்களில் வரவு செலவை ஊர் நடுவே படிக்க வேண்டும், யாரும் எழுந்து கேட்கலாம். பேரூராட்சிகளுக்குப் பகுதி சபை உண்டு, ஆனால் அது 2022-ல் வந்த புது வழக்கம்.

அப்புறம் நூறு நாள் வேலை என்று மக்கள் சொல்லும் ஊரக வேலைத் திட்டம். அது ஊராட்சிக்கு மட்டும். கண்மாய்க்கரையில் மண் வெட்டிக் கூலி வாங்கும் பெண்களிடம் ஊராட்சியைப் பேரூராட்சியாகத் தரம் உயர்த்துவது பற்றிப் பேசிப் பாருங்கள், முகம் மாறும்.

முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் என்று நீளும் பூட்டிய வீடுகளுக்கு இரண்டு இடத்திலும் வரி உண்டு. சொந்தக்காரர் சென்னையில் இருப்பார். குப்பை, வடிகால் வேலைக்குப் பேரூராட்சியே மேல். ஆனால் கூலி வேலையை நம்பும் வீடுகள் அதிகம் இருக்கும் ஊர் ஊராட்சியாகவே இருக்கட்டும் என்பேன்.