ஸ்டீமிட்டா ஹைவ்வா, புதுசா எழுத வர்றவங்க எந்தப் பக்கம் போறது?

எழுதினா காசு தர்ற தளம்னு தேடினா மொதல்ல கண்ணுல படுறது இந்த ரெண்டும்தான். ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு மாதிரியே இருக்கும், இருக்கத்தானே செய்யும், ஒரே வயித்துல பொறந்ததுங்க. ஸ்டீமிட் 2016ல வந்துச்சு. 2020 பிப்ரவரில ட்ரான்ங்கிற கிரிப்டோ நெட்வொர்க்கோட நிறுவனர் ஜஸ்டின் சன் அந்தக் கம்பெனிய வாங்கினாரு, தளத்த நடத்துறது யாருன்னு முடிவு பண்ற ஓட்டு பலம் மொத்தமும் ஒருத்தர் கைக்குப் போயிரும்னு ஒரு கூட்டம் மார்ச் 20ம் தேதி செயினையே, அதாவது பதிவும் கணக்கும் பதிஞ்சு வச்சிருக்கிற பிளாக்செயினையே, பிரிச்சுக்கிட்டு தனிக்குடித்தனம் போயிருச்சு, அதான் ஹைவ். அந்தத் தேதிக்கு முன்னாடி ஸ்டீமிட்ல அக்கவுன்ட் திறந்து மறந்தவங்க இருந்தா, அதே பேரு, அதே கீ (பாஸ்வேர்டு மாதிரி நீளமான ரகசிய எழுத்து வரிசை) ஹைவ்லயும் வேலை செய்யும், ஒரு தடவ போட்டுப் பாருங்க.

காசு கணக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான். மத்தவங்க ஓட்டு போட்டாதான் காசு சேரும், போஸ்ட் போட்டு 7 நாள் கழிச்சுதான் பணம். போஸ்டுக்குக் கீழ 4 டாலர்னு காட்டினா உடனே துள்ளாதீங்க, அதுல 2 டாலர் உங்களுக்கு ஓட்டு போட்ட க்யூரேட்டர்களுக்குப் போயிரும். மீதி 2ல, ஹைவ்ல செட்டிங்க மாத்தலன்னா பாதி ஹெச்பிடியா (ஒரு டாலர் மதிப்ப ஒட்டி வச்சிருக்கிற ஹைவ் காயின்) கைக்கு வரும், பாதி ஹைவ் பவரா (உடனே எடுக்க முடியாத, ஓட்டுக்கு வலு தர்ற இருப்பு) உள்ள பூட்டிக்கும். ஆக உடனே எடுக்க முடிஞ்சது சுமார் 1 டாலர், அவ்ளோதான். போஸ்ட்டோட தொகை 0.02 டாலரைத் தொடலன்னா அதுவும் கெடையாது, சுத்தமா ஜீரோ. மொத ரெண்டு மூணு போஸ்ட் பெரும்பாலும் இந்த ஜீரோலதான் நிக்கும், மனச தேத்திக்கோங்க.

பூட்டின பவர வெளிய எடுக்குறதுல மட்டும் ஸ்டீமிட் கை ஓங்கி இருக்கு, அங்க பவர் டவுன், அதாவது பூட்ட அவுக்குறது, 4 வாரம், ஹைவ்ல வாரா வாரம் கொஞ்சமா 13 வாரம் இழுக்கும். ஆனா புதுசா வந்தவன்கிட்ட எடுக்குறதுக்கு என்ன பவர் இருக்கப் போகுது சொல்லுங்க.

நெஜமான வித்தியாசம் வாசல்ல இருக்கு. ஸ்டீமிட்ல ஸ்கூல் மாதிரி, பேரும் தேதியும் எழுதின பேப்பர கைல பிடிச்சு போட்டோ எடுத்து அறிமுகப் போஸ்ட், அப்புறம் கம்யூனிட்டி போட்டி, மாடரேட்டர் செக் பண்ணுவாரு, சரியா இருந்தா பெரிய க்யூரேட்டர் அக்கவுன்ட்ல இருந்து ஓட்டு வரலாம். என்ன எழுதுறதுன்னே தெரியாம வர்றவங்களுக்கு இது நல்லது, தலைப்பு அவங்களே தந்துருவாங்க. ஆனா கொஞ்ச நாள்ல போட்டிக்கு எழுதுற மெஷினா மாறிடுற ஆபத்து இருக்கு, கமென்ட்ல பாதி "அருமையான பதிவு"தான்.

ஹைவ்ல அப்படி யாரும் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. அறிமுகப் போஸ்ட் போட்டு, பீக்டி (PeakD) மாதிரி ஹைவ்வ திறந்து பாக்குற ஒரு தளம் வழியா நமக்குப் பிடிச்ச கம்யூனிட்டில சேர்ந்து, நாமளே போய் அடுத்தவன் போஸ்ட முழுசா படிச்சு கமென்ட் போடணும். போட்டோகிராபி, தோட்டம், கேமிங்னு தனித்தனிக் கூட்டம் இருக்கு, நாலு பேர் பேரச் சொல்லிக் கூப்பிடுற அளவுக்கு ஆனப்புறம்தான் ஓட்டே வர ஆரம்பிக்கும். காப்பியடிச்சா, ஏஐ எழுதினத அப்படியே ஒட்டினா டவுன்வோட் (எதிர் ஓட்டு) விழுந்து அந்தப் போஸ்டுக்கு வர வேண்டிய காசு கரையும், இதுல தயவுதாட்சண்யமே கெடையாது.

என்னக் கேட்டா ஹைவ்தான். எழுத்துப் பழக்கம் இல்லாதவங்க ரெண்டு மாசம் ஸ்டீமிட்ல பழகிட்டு வரட்டும், தப்பில்ல. ஒரே போஸ்ட ரெண்டுலயும் போடலாமான்னு கேக்காதீங்க, ஹைவ்ல அத மொறைக்கிறவங்க இருக்காங்க.

கீ விஷயம் ரெண்டுக்கும் பொது. தினசரி லாகினுக்குப் போஸ்டிங் கீ மட்டும் போதும், ஆக்டிவ் கீ பணம் அனுப்ப, ஓனர் கீயும் மாஸ்டர் பாஸ்வேர்டும் பேப்பர்ல எழுதி பீரோல வைக்க வேண்டியது. ஒரு தடவ ஏதோ லிங்க்ல "பரிசு விழுந்திருக்கு"ன்னு வந்து ஆக்டிவ் கீய ஒட்டப் போயி, அட்ரஸ்ல ஒரு எழுத்து கூடுதலா இருந்தத கடைசி நொடில பார்த்துத் தப்பிச்சேன். இங்க "ஃபர்கெட் பாஸ்வேர்ட்" பட்டன் கெடையாது.