லாகின் போனாலும் அறிக்கை வர வேண்டும்: மில் கணக்கு மென்பொருளோடு சில சம்பாக்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு நெல் அரவை மில்லில் கணக்கு பார்க்கிறேன். கொரோனா ஊரடங்குக்கு முந்தைய சம்பாவிலிருந்து கொள்முதல், இருப்பு, பட்டுவாடா எல்லாமே பிரவுசரில் ஓடும் ஒரு மென்பொருளில்தான். பெயர் வேண்டாம். எடைச்சீட்டு, பில், பாக்கிப் பட்டியல் எதிலும் பெரிய குறையில்லை. என் பஞ்சாயத்தெல்லாம் நேரம் பிடிக்கும் வேலைகளோடுதான்.

தை, மாசியில் சம்பாவும் தாளடியும் ஒன்றாக வந்து விழும். அந்த வரத்தை ரகவாரியாகப் பிரித்து, ஈரப்பதக் கழிவு போட்டு இருப்பு அறிக்கை எடுக்க அரை மணி நேரம் ஆகும். ஆரம்பத்தில் பட்டனை அழுத்தினால் பக்கம் சுற்றும், ஒரு நிமிடத்தில் 504 (பதில் நேரத்துக்கு வரவில்லை) என்று வெள்ளைத் திரை. மென்பொருளுக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் புரோகிராம், பின்னாலிருந்து 60 நொடி எதுவும் வராவிட்டால் கைவிட்டுவிடும். மாற்றாமல் விட்டால் அதன் அளவு அதுதான். ஆனால் பின்னால் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். திரையைப் பார்த்தவர் மறுபடி அழுத்துவார், இரண்டு கணக்கு ஓடும், சர்வர் படுத்துவிடும்.

அதைவிட எரிச்சல், அறிக்கை ஓடும்போது இன்னொரு டேப்பில் எடைச்சீட்டு போட முடியாதது. வாசலில் நெல் டிராக்டர் வரிசை, உள்ளே திரை உறைந்து கிடக்கும். பக்கத்து மேசையில் வேறு லாகினில் வேலை ஜோராக நடப்பதால் நெட்டைத் திட்டவும் வழியில்லை. காரணம், மென்பொருள் எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் செஷன் பூட்டு. லாகின் செய்தவரை அடையாளம் வைத்துக்கொள்ள சர்வர் வைத்திருக்கும் குறிப்புதான் செஷன். செஷன் கோப்பைத் திறந்த கோரிக்கை அதை மூடும்வரை, அதே செஷனில் வரும் அடுத்த கோரிக்கை காத்திருக்க வேண்டும். செஷனில் வேண்டியதைப் படித்ததும் மூடிவிட்டு, அப்புறம் கணக்கைத் தொடங்கினால் தீர்ந்தது. “ஒரே வரிதாண்ணே மாத்தினேன்” என்றார் சப்போர்ட் தம்பி. அந்த ஒரு வரிக்கு ஒரு அறுவடை முழுக்கக் காத்திருந்தோம்.

அப்புறம் 60 நொடியைக் கூட்டினார்கள். உடனே அடுத்த சிக்கல் தலைகாட்டியது. பிஎச்பி-யில் செஷன் ஆயுள் இயல்பாக 1440 நொடி, அதாவது 24 நிமிடம். எங்கள் அறிக்கையோ அரை மணி. முடிந்ததும் இறக்கப் போனால் லாகின் பக்கம். திரும்ப உள்ளே போனால் அறிக்கை இல்லை, ஏனென்றால் அதைச் செஷனோடு கட்டி வைத்திருந்தார்கள்.

இதற்கு அவர்கள் கொடுத்த வைத்தியம், பக்கம் திறந்திருக்கும்வரை ‘இன்னும் இருக்கிறேன்’ என்று பின்னணியில் சர்வரைத் தட்டிக்கொண்டே இருப்பது. எனக்கு இது பிடிக்கவே இல்லை. கணினி தூங்கினாலோ, க்ரோமின் மெமரி சேவர் அந்த டேப்பைக் கழற்றிவிட்டாலோ தட்டல் நின்றுவிடும். நிற்காவிட்டால் இன்னும் மோசம்: எடைமேடைக் கணினியில் ஆள் சாப்பிடப் போனாலும் லாகின் திறந்தே கிடக்கும், யார் வேண்டுமானாலும் சீட்டு போடலாம். சும்மா கிடக்கும் செஷனை, ஆபத்து குறைந்த ஆப் என்றால் 15 முதல் 30 நிமிடத்திலும், முக்கியமானது என்றால் 2 முதல் 5 நிமிடத்திலும் மூடிவிட, இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு சொல்கிறது. பணம் புழங்கும் இடத்தில் ஒரு அறிக்கைக்காகக் கதவைத் திறந்து போடுவது என்ன நியாயம்?

இப்போதைய பதிப்பில்தான் சரியாகச் செய்திருக்கிறார்கள். அழுத்தியதும் ஒரு வேலை எண் வந்துவிடுகிறது. கணக்கு தனி வரிசையில் போய், வேறொரு புரோகிராம் அதை எடுத்துச் செய்கிறது. முடிவு என் பயனர் கணக்கில் சேருகிறது, செஷனில் அல்ல. அரவைக்கு நெல் போட்டவர் டீ குடிக்கப் போனால் மில் நிற்பதில்லை, சீட்டைக் காட்டினால் அரிசி கிடைக்கும், அதே கதைதான். போன சம்பாவில் பாதியில் கரண்ட் போனபோது செல்போனில் லாகின் செய்து அறிக்கையை எடுத்தேன்.

குறைகள் இன்னும் உண்டு. ஓடும் வேலையை நிறுத்த பட்டன் இல்லை. வேலையை விட்டு நின்றவரின் லாகினை முடக்கிய பிறகும், அவர் முன்பே தொடங்கிய அறிக்கை அவருடைய மெயிலுக்குப் போனது. முடிவைக் கொடுக்கும்போதும் உரிமையைச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை. செஷன் முடியுமுன் எச்சரிக்கையும் கிடையாது. முடியுமுன் சொல்லி, எளிதாக நீட்டிக்கக் குறைந்தது 20 நொடி கொடுக்க வேண்டும் என்று இணைய அணுகல்தன்மை வழிகாட்டியிலேயே இருக்கிறது. இங்கே நீளமான வரத்துப் பதிவைத் தட்டி முடித்துச் சேமித்தால் லாகின் பக்கம், தட்டியது காலி.

வாங்க நினைப்பவர்கள் டெமோவில் பத்து வரி டேட்டாவைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் ஒரு சீசன் வரத்தை ஏற்றச் சொல்லுங்கள். பெரிய அறிக்கையை ஓடவிட்டு, லாக்அவுட் செய்து, வேறு கணினியில் லாகின் செய்து அதே அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். அது ஓடும்போதே இன்னொரு டேப்பில் ஒரு எடைச்சீட்டும் போட்டுப் பாருங்கள்.