ஜிமெயில் பிரயாரிட்டி இன்பாக்ஸ்: ஆபீஸ் மெயிலுக்கு எவ்வளவு நம்பலாம்?

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசருக்கு (பையரோடு பேசி ஆர்டரை நடத்திக்கொடுப்பவர்) வரும் மெயில்களை எடுத்துக்கொள்வோம். பையரின் லேப் டிப் (சாயத்தின் நிறச் சாம்பிள்) அப்ரூவல், ஃபிட் சாம்பிள் கமெண்ட், பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) திருத்தம், சரக்கை அனுப்பிவைக்கும் ஃபார்வர்டர் சொல்லும் கட்-ஆஃப் தேதி, டெஸ்டிங் லேப் ரிப்போர்ட், டையிங் யூனிட் பில், ஜிஎஸ்டி போர்ட்டல் அறிவிப்பு, பேங்க் அட்வைஸ் எல்லாம் ஒரே பெட்டியில் வந்து விழும். நடுவே நூல் விலைப்பட்டியல், வெபினார் அழைப்பு, பதினைந்து பேரை சிசியில் வைத்து 'நோட்டட், தேங்க்ஸ்' என்று ஒரு ரிப்ளை-ஆல். ஜிமெயிலின் பிரயாரிட்டி இன்பாக்ஸை இப்படிப்பட்ட குவியலில் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அது தானாகப் பிரித்துத் தருவதை மட்டும் நம்பினால் பாதிதான் தேறும். மெயிலைத் தானாகப் பிரிக்கும் விதிகளான ஃபில்டர்களை நான்கு வகையாகச் சேர்த்து, போன் நோட்டிஃபிகேஷனையும் சரியாக வைத்தால், தனியாகச் சந்தா கட்டி வாங்கும் மெயில் ஆப் பெரும்பாலான அலுவலகங்களுக்குத் தேவைப்படாது.

2010-ல் வந்த வசதி இது. 2013-ல் வந்த பிரைமரி, சோஷியல், புரொமோஷன்ஸ் டேப்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. டேப்கள் மெயிலின் வகையைப் பார்க்கின்றன. பிரயாரிட்டி இன்பாக்ஸ் உங்கள் பழக்கத்தைப் பார்க்கிறது. யாருக்கு அடிக்கடி எழுதுகிறீர்கள், எதைத் திறக்கிறீர்கள், எதற்குப் பதில் போடுகிறீர்கள், எதற்கு ஸ்டார் வைக்கிறீர்கள், எதைப் படிக்காமலே அழிக்கிறீர்கள் என்பதை வைத்து ஒவ்வொரு மெயிலுக்கும் மஞ்சள் குறி போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. குறியின் மேல் மவுஸை வைத்தால் காரணத்தை ஒரு வரியில் சொல்லும்.

அதன் பலவீனமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஜிஎஸ்டி போர்ட்டலுக்கு யாரும் பதில் மெயில் போடுவதில்லை. சுங்கத்துறையின் ஐஸ்கேட் போர்ட்டல் அனுப்பும் தகவலுக்கு யாரும் ஸ்டார் வைப்பதில்லை. புதிதாக விசாரிக்கும் பையரோடு முன்பின் பேச்சு எதுவும் கிடையாது. இவை எதற்கும் பழக்கத்தின் தடம் இல்லாததால் ஜிமெயில் இவற்றை அடியில் தள்ளிவிடும். நாள்தோறும் பேசும் பக்கத்து டெஸ்க் ஆளின் 'லஞ்சுக்குப் போகலாமா' மெயில் மேலே வந்து உட்காரும். பணம் போகும் இடம், வாய்ப்பு வரும் இடம் இரண்டுமே பழக்கத்துக்கு வெளியே இருப்பதால்தான் ஃபில்டர் இல்லாமல் இந்த வசதியை ஆபீஸில் நம்பக் கூடாது என்கிறோம்.

அமைப்பது எளிது. பல்சக்கரக் குறியை அழுத்தி 'சீ ஆல் செட்டிங்ஸ்' போய், இன்பாக்ஸ் டேபில் இன்பாக்ஸ் டைப்பை 'பிரயாரிட்டி இன்பாக்ஸ்' என்று மாற்ற வேண்டும். நான்கு பகுதிகள் வரை வைத்துக்கொள்ளலாம். முதலில் 'இம்பார்ட்டன்ட் அண்ட் அன்ரீட்', அடுத்து 'ஸ்டார்ட்' (ஸ்டார் வைத்தவை), மூன்றாவதாக நீங்கள் உருவாக்கிய ஒரு லேபிள், கடைசியில் மீதி எல்லாம் என்ற வரிசை நன்றாக வேலை செய்கிறது. முதல் பகுதிக்கு 25 மெயில் காட்டச் சொல்லுங்கள். 5 என்று விட்டால் பரபரப்பான நாளில் ஆறாவது மெயில் கண்ணில் படாது. அந்தப் பக்கத்திலேயே கீழே 'ஃபில்டர்ட் மெயில்' என்ற தேர்வு இருக்கிறது. அதில் 'டோன்ட் ஓவர்ரைடு ஃபில்டர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் ஃபில்டர் ஒதுக்கிய மெயிலை ஜிமெயில் தன் விருப்பத்துக்கு மறுபடி இன்பாக்ஸுக்குள் கொண்டுவரும். ஃபில்டர் வேலை செய்யவில்லை என்று தோன்றும். 'சேவ் சேஞ்சஸ்' பொத்தான் பக்கத்தின் அடியில் இருக்கிறது. அதை அழுத்தாமல் வெளியே வந்தால் செய்த மாற்றம் எதுவும் நிற்காது.

இந்த அமைப்பில் அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. முதல் பகுதியின் பெயரிலேயே 'அன்ரீட்' இருக்கிறது. பையரின் மெயிலைப் பஸ்ஸில் போகும்போது போனில் திறந்து பார்த்துவிட்டால் அது படித்த மெயில் ஆகிவிடும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது கடைசிப் பகுதிக்கு இறங்கியிருக்கும். அதனால் திறந்தவுடன் வேலையை முடிக்க முடியாத எதற்கும் அங்கேயே ஸ்டார் வைத்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்டாரை எடுத்துவிட வேண்டும். இரண்டாவதைச் செய்யாதவர்களின் ஸ்டார் பகுதி சில வாரங்களில் இன்னொரு குப்பைக் கூடை ஆகிவிடுகிறது. செட்டிங்ஸில் 12 வகை ஸ்டார்கள் இருந்தாலும் நிறம் பிரித்து வைப்பதெல்லாம் கம்ப்யூட்டரில் மட்டும்தான். போனில் ஒரே மஞ்சள் ஸ்டார். ஒரே ஸ்டாரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

இனி ஃபில்டர்கள். தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் குறியை அழுத்தி, விவரத்தை நிரப்பி, 'கிரியேட் ஃபில்டர்' கொடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் வரும். இதைக் கம்ப்யூட்டர் பிரவுசரில்தான் செய்ய முடியும், போன் ஆப்பில் ஃபில்டர் போட வழியில்லை. இவ்வளவு ஆண்டுகளாகியும் கூகுள் இதைத் தராமல் இருப்பது பெரிய குறை.

முதல் ஃபில்டர் அரசு மெயில்களுக்கு. ஃப்ரம் கட்டத்தில் ஜிஎஸ்டி, இன்கம் டாக்ஸ், ஐஸ்கேட் தளங்களின் டொமைன் பெயர்களை (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதி) எழுதி, நடுவே 'ஓஆர்' என்பதை ஆங்கிலக் கேப்பிட்டலில் போடுங்கள். சின்ன எழுத்தில் போட்டால் அதையும் தேட வேண்டிய ஒரு சொல்லாக எடுத்துக்கொண்டு எதையும் பிடிக்காது. 'ஆல்வேஸ் மார்க் இட் அஸ் இம்பார்ட்டன்ட்' டிக் செய்து, 'ஸ்டேச்சுட்டரி' என்று ஒரு சிவப்பு லேபிளும் கொடுங்கள். ஏஎஸ்எம்டி-10 (ரிட்டர்னில் உள்ள முரண்பாட்டுக்கு விளக்கம் கேட்பது) மாதிரி ஒரு ஜிஎஸ்டி நோட்டீஸுக்கு 30 நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். நோட்டீஸ் போர்ட்டலில் கிடக்கும், மெயில் வெறும் தகவல்தான். அந்தத் தகவல் புதைந்தால் நாள் ஓடிவிடும். ஆனால் இந்த ஃபில்டரில் 'நெவர் செண்ட் இட் டு ஸ்பாம்' டிக் செய்யாதீர்கள். அனுப்புநர் முகவரியைப் போலியாகப் போட்டு வரும் வரித்துறை மெயில்கள் ஏராளம். லேபிள் இருந்தாலும் மெயிலில் இருக்கும் லிங்க்கை அழுத்தாமல் போர்ட்டலுக்கு நேராகப் போய்ப் பார்ப்பதே முறை.

இரண்டாவது பையர்களுக்கு. தனித்தனி முகவரி வேண்டாம், டொமைன் போதும். இதிலும் 'ஆல்வேஸ் மார்க் இட் அஸ் இம்பார்ட்டன்ட்' டிக் செய்யுங்கள். டெக்னாலஜிஸ்ட், குவாலிட்டி, லாஜிஸ்டிக்ஸ் என்று ஒரே பையரிடமிருந்து ஐந்து பேர் எழுதுவார்கள். ஆள் மாறினாலும் டொமைன் மாறாது. பையிங் ஹவுஸ் (பையருக்காகக் கொள்முதலைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம்), ஃபார்வர்டர் டொமைன்களையும் இதில் சேர்க்கலாம். புது விசாரணைகளுக்காகத் தனியாக இன்னொன்று: சப்ஜெக்டில் 'என்கொயரி' என்ற சொல்லை அதன் இரண்டு ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் கொடுத்து, விலை கேட்கும் மெயிலில் வரும் 'ஆர்எஃப்க்யூ'வையும் சேர்த்து, அதே டிக்கைப் போடுங்கள். ஜிமெயில் முழுச் சொல்லைத்தான் பார்க்கும் என்பது இங்கே முக்கியம். 'பிஓ' என்று ஃபில்டர் போட்டுவிட்டு, பையர் பிஓவையும் எண்ணையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி எழுதினால் அது பிடிபடாது. சதுர அடைப்புக்குறிக்குள் 'அர்ஜன்ட்' என்று எழுதச் சொல்லி அதற்கு ஃபில்டர் வைப்பதும் வீண். அடைப்புக்குறியைத் தேடல் கண்டுகொள்ளாது, சாதாரண 'அர்ஜன்ட்' எல்லாம் சேர்ந்து வந்து விழும்.

மூன்றாவது சிசி மெயில்களுக்கு. 'ஹேஸ் தி வேர்ட்ஸ்' கட்டத்தில் ஆங்கிலத்தில் சிசி, முக்காற்புள்ளி, அதை ஒட்டி உங்கள் முழு முகவரி. செயலாக 'நெவர் மார்க் இட் அஸ் இம்பார்ட்டன்ட்' மட்டும் போட்டு 'சிசி' என்று சாம்பல் நிற லேபிள் கொடுங்கள். 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்' போடச் சொல்லிப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நம் ஊர் அலுவலகங்களுக்கு அது சரிப்படாது. முதலாளியை டூவில் போட்டு, மெர்ச்சண்டைசரை சிசியில் வைத்து, உள்ளே அவர் பெயர் சொல்லி வேலை கேட்கும் மெயில்கள் நிறைய. பையர் டொமைன்களை இந்த ஃபில்டரிலிருந்து மைனஸ் குறி போட்டு விலக்கிவிடவும் வேண்டும். ஒரே மெயிலுக்கு இரண்டு ஃபில்டர்கள் பொருந்தினால் இரண்டுமே வேலை செய்யும். இது முதலில், அது பிறகு, இதோடு நிறுத்து என்று சொல்ல ஜிமெயிலில் வழியே இல்லை. விலக்கு எல்லாவற்றையும் ஃபில்டருக்குள்ளேயே எழுதியாக வேண்டும்.

நான்காவது, 'அன்சப்ஸ்கிரைப்' என்ற சொல் இருந்தால் இன்பாக்ஸைத் தாண்டி ஒரு லேபிளுக்குப் போகட்டும் என்பது. இரைச்சல் உடனே குறையும். ஆனால் கூரியர், பேங்க் மெயில்கள் சிலவற்றின் அடியிலும் அந்தச் சொல் இருப்பதால் அவற்றின் டொமைன்களை மைனஸ் போட்டு விலக்கிய பிறகே இதைச் சேமிக்க வேண்டும்.

ஸ்பாம் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு மெயில் அனுப்பும் எல்லோரும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (மெயில் உண்மையாகவே அந்த டொமைனிலிருந்து வந்ததா என்று சரிபார்க்க உதவும் அமைப்புகள்) அமைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. சொந்த டொமைன் வாங்கி அதைச் சரியாக அமைக்காத சிறிய டையிங், பிரிண்டிங் யூனிட்டுகளின் மெயில்கள் ஸ்பாமில் விழுவதற்கோ வராமலே போவதற்கோ இதுதான் பெரும்பாலும் காரணம். அவர்களுடைய டொமைனுக்கு 'நெவர் செண்ட் இட் டு ஸ்பாம்' ஃபில்டர் போடலாம். அவர்கள் டொமைனைச் சரிசெய்வதே நிலையான தீர்வு. ஸ்பாமில் கிடப்பது 30 நாளில் தானாக அழிந்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பது அவசியம்.

அதிகம் பேர் கண்டுகொள்ளாத ஒரு சின்ன வசதி: ஜெனரல் டேபில் 'பர்சனல் லெவல் இண்டிகேட்டர்ஸ்'. இதைப் போட்டால் உங்கள் முகவரிக்கு வந்த மெயிலுக்கு › என்றும், உங்களுக்கு மட்டுமே வந்த மெயிலுக்கு » என்றும் குறி வரும். குழு முகவரி வழியாக வந்ததற்கு எதுவும் இருக்காது. நூறு மெயில் இருக்கும் பட்டியலில் » குறியை மட்டும் கண்ணால் தேடிப் போனால், பதில் சொல்ல வேறு ஆளே இல்லாத மெயில்கள் சில நொடியில் கிடைத்துவிடும். இந்த ஒன்றுக்காகவே ஜிமெயிலுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தரலாம்.

போனில் ஆப்பின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷனை 'ஹை பிரயாரிட்டி ஒன்லி' என்று வையுங்கள். முதல் இரண்டு ஃபில்டர்களும் மெயிலை முக்கியம் என்று குறிப்பதால், இப்போது அவை வந்தால் போன் ஒலிக்கும். சிசியும் இரைச்சலும் வந்தால் ஒலிக்காது. ஜெர்மனி நேரம் நமக்குக் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால் என்பதால் ஐரோப்பிய பையரின் முக்கிய மெயில்கள் நமக்கு மாலையில்தான் குவியும். அந்த நேரத்தில் இந்த அமைப்பு தன் அருமையைக் காட்டும். சில ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரி மிச்சப்படுத்துகிறேன் என்று ஜிமெயிலைத் தூங்க வைத்துவிடும். மெயில் தாமதமாக ஒலித்தால் போனின் பேட்டரி செட்டிங்ஸில் ஜிமெயிலை 'அன்ரெஸ்ட்ரிக்டட்' ஆக்க வேண்டும்.

ஒரு மெயிலையும் அதற்கு வந்த பதில்களையும் ஒரே இழையாகக் காட்டும் கான்வர்சேஷன் வியூ பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். பழைய மெயிலைத் திறந்து ரிப்ளை கொடுத்துப் புது ஸ்டைலைப் பற்றி எழுதும் பையர்களோடு வேலை செய்தால் அதை அணைத்துவிடுவதே மேல். நாற்பது மெயில் கொண்ட ஒரு இழையின் நடுவே பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முன் அனுப்பும் சாம்பிள்) அப்ரூவல் ஒளிந்துகொண்டால் யார் கண்ணிலும் படாது. சப்ஜெக்டில் ஸ்டைல் எண்ணை ஒழுங்காக எழுதும் பையர்கள் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். சப்ஜெக்ட் மாறினால் இழையும் தனியாகிவிடும்.

'மல்டிபிள் இன்பாக்ஸஸ்' என்ற மாற்று வகையும் உண்டு. ஐந்து பகுதிகள் வரை, ஒவ்வொன்றுக்கும் நீங்களே தேடல் விதி எழுதலாம். கம்ப்யூட்டரிலேயே நாள் முழுக்க இருக்கும் டாக்குமென்டேஷன் ஆட்களுக்கு அது பொருத்தம். போன் ஆப்பில் அந்தப் பகுதிகள் தெரியாது என்பதால் அலைந்து வேலை பார்ப்பவர்களுக்கு வேண்டாம்.

அவுட்லுக்கோடு ஒப்பிட்டால் ஒரு விஷயத்தில் ஜிமெயில் பின்தங்குகிறது. அவுட்லுக்கில் விதிகளுக்கு வரிசை உண்டு, 'இதற்குப் பிறகு வேறு விதி வேண்டாம்' என்றும் சொல்லலாம். ஆனால் அதன் ஃபோகஸ்ட் இன்பாக்ஸ் இரண்டே குவியலாகப் பிரிக்கிறது. பழைய அவுட்லுக்கின் சில விதிகள் அந்தக் கம்ப்யூட்டரில் அவுட்லுக் திறந்திருந்தால்தான் ஓடும். ஜிமெயில் ஃபில்டர்கள் கூகுளின் சர்வரிலேயே ஓடுவதால் கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் கவலை இல்லை.

ஃபில்டர்களைப் போட்டு முடித்ததும் 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்ட் அட்ரஸஸ்' டேபில் அவற்றை டிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஒரு கோப்பாக இறங்கும். புதிதாகச் சேரும் மெர்ச்சண்டைசரின் கணக்கில் அதையே இம்போர்ட் செய்துவிடலாம். சிசி ஃபில்டரில் மட்டும் பழைய ஆளின் முகவரி இருக்கும், அதை மாற்ற வேண்டும்.