டெஸ்ட் டிரைவில் ஒரு வண்டி, டெலிவரியில் வேறு வண்டி

நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஸ்யூவி எடுக்கலாம் என்று யோசிப்பவர்கள் அட்வான்ஸ் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். வண்டி பெயரும் ஷோரூம் பெயரும் சொல்லப் போவதில்லை, புகார் இன்னும் முடியவில்லை.

2025 பொங்கல் முடிந்த கையோடு சேலத்தில் பார்க்கப் போனோம். நாங்கள் கேட்டது சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல், பட்ஜெட் அவ்வளவுதான். டெஸ்ட் டிரைவுக்கு வந்ததோ அதே காரின் 1.0 லிட்டர் டர்போ. "நீங்க கேட்ட வேரியன்ட் இப்ப டெஸ்ட் டிரைவுக்கு இல்ல சார், ஓட்டுறதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றான் சேல்ஸ் பையன். பைபாஸில் அவனும் நானும் மட்டும் ஓட்டிப் பார்த்தோம், ஜிவ்வென்று பறந்தது. அங்கேயே விழுந்துவிட்டேன்.

ரெண்டும் ஒன்றில்லை. டர்போ இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்றிலேயே முழு இழுவையைக் கொடுத்துவிடும், சாதாரண இன்ஜினை 4000 வரை மிதித்தால்தான் அதனிடம் இருப்பதே வெளியே வரும். ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. மே மாதம் கொல்லிமலைக்குப் போனபோது தெரிந்தது. முன்னால் அப்பாவும் நானும், பின்னால் அம்மா, மனைவி, பிளஸ் டூ முடித்த மகன், ஏசி போட்டு, டிக்கி நிறைய மூட்டை. 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் இரண்டாவது கியர் போதாமல் முதல் கியருக்கு இறக்கி, பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடிக்க அடிக்க, கடைசியில் ஏசியை அணைத்துவிட்டு ஏறினோம். மகனுக்கு நடுவில் சரியாக உட்காரவும் இடமில்லை, மேலே போய்ச் சேருவதற்குள் தோள் மரத்துப்போச்சு என்றான்.

வண்டியை மட்டும் குறை சொல்லக் கூடாது. அப்பாவுக்கு முழங்கால் வலி, பழைய காரில் குனிந்து இறங்கவே சிரமப்படுவார், இதில் நாற்காலியிலிருந்து எழுகிற மாதிரி இறங்குகிறார். எங்கள் தெருவின் அயோக்கிய ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டுவதில்லை. ஹைவேயில் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் வரை கொடுக்கிறது. ஆனால் நீளம் நான்கு மீட்டரைத் தாண்டாமல், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு என்று 2006 பட்ஜெட்டில் ஆரம்பித்த கணக்கு இருக்கிறதே, அதற்காகவே பின்பக்கத்தை நறுக்கி வைத்திருக்கிறார்கள். நான்கு பேருக்கு நல்ல கார். ஐந்து பேர், மலைப்பாதை என்றால் டர்போ எடுங்கள், இல்லாவிட்டால் கொஞ்சம் பெரிய காராகப் பாருங்கள்.

சரி, இது என் அவசரம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது அப்படியில்லை.

மலையிலேயே பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னி சின்ன சைஸ், 80க்கு மேல் போகாதே என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது (இதையும் வாங்கும்போது யாரும் சொல்லவில்லை). அதை மாட்டி மெதுவாக இறங்கி, காரவள்ளியில் பஞ்சர் கடையில் நிறுத்தினோம். டயரைக் கழற்றிய தம்பி, "அண்ணே, வண்டி எப்ப எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"மூணு மாசம்தான் ஆச்சு தம்பி."

"டயர்ல 4723னு இருக்கே. 2023ல 47ஆவது வாரம்ணே. மத்த மூணையும் பாருங்க."

பார்த்தேன். எல்லாம் 2023 நவம்பர். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக பீரோவைத் திறந்தேன். ஸ்பீட் போஸ்டில் வந்த ஆர்.சி.யைக் கவரோடு அப்படியே வைத்திருந்தேன். தயாரித்த மாதம் 01/2024 என்று இருந்தது. 2025 பிப்ரவரியில், "போன வாரம்தான் ஃபாக்டரியிலிருந்து வந்தது சார்" என்று மாலை போட்டுக் கொடுத்த வண்டி! பதின்மூன்று மாதம் ஏதோ ஒரு யார்டில் வெயிலில் கிடந்திருக்கிறது. நாளைக்கு விற்கப் போனால் 2024 மாடல் என்றுதான் விலை பேசுவார்கள். பழைய ஸ்டாக் என்று சொல்லி, விலையைக் குறைத்துக் கொடுத்திருந்தால் நானே சந்தோஷமாக வாங்கியிருப்பேன், மறைத்ததுதான் வயிறு எரிகிறது.

ஹேண்ட்லிங் சார்ஜ் என்று 8,500 வாங்கியதும், இன்சூரன்ஸ் இங்கேதான் போட வேண்டும் என்று வெளியே கிடைப்பதைவிட 14,000 கூடுதலாகத் தீட்டியதும் தனிக் கதை. இன்சூரன்ஸை எங்கே வேண்டுமானாலும் போடலாம், கட்டாயப்படுத்த அவர்களுக்கு உரிமை கிடையாது.

நீங்கள் எடுப்பதாக இருந்தால், முழுப் பணம் கட்டும் முன், ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன், யார்டுக்கே போய் உங்கள் வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். நாலு டயரிலும் அந்த நாலு எண்ணைப் படியுங்கள். சேஸிஸ் எண்ணில் ஆண்டுக்கு ஓர் எழுத்து வரும், 2024க்கு ஆர், 2025க்கு எஸ். ஷோரூம் கொடுக்கும் விற்பனைச் சான்றிதழான ஃபாரம் 21இல் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும், கையெழுத்துப் போடும் முன் அதை வாங்கிப் பாருங்கள். "பூஜை நேரம் ஆச்சு சார்" என்று அவசரப்படுத்தினால் பூஜையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷோரூம் மேனேஜர், "எங்க இன்வாய்ஸ் தேதி பிப்ரவரிதான் சார்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்து புகார் பதிவு செய்த பிறகு கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். ரொம்பப் பணிவாகப் பேசிவிட்டு, "சார், டெலிவரி அன்னைக்கு நீங்க எங்களுக்குப் பத்துக்குப் பத்து மார்க் போட்டிருக்கீங்களே" என்றார். போட்டேன்தான். சாவியைக் கையில் கொடுக்கும்போது, பத்து போடாவிட்டால் இன்சென்டிவ் போய்விடும் சார் என்று அந்தப் பையன் கெஞ்சினான்.